வைமண்ட் கொண்டுவந்த சேதி

அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை நாய்க்குத்தான் இருந்தது. ஹாவிஸ் நாயோடு ஒண்டிக்கொண்டிருந்தாள். இதை அவளே நாலு பேர் முன்னால் சொல்வாள், சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டாள். சோரெல் என்ற அந்தச் செம்பழுப்பு மோப்ப நாய் ஃபல்க் பிரபுவின் சொத்து. அது ஹாவிஸ் கையைத் தவிர வேறு யார் கைக்கும் அடங்கவில்லை. அடங்கியிருந்தால் மூன்று வருடத்துக்கு முன்பே அவளைச் சட்டி பானையோடு தெருவில் நிறுத்தியிருப்பார்கள்.

அவள் புருஷன் வைமண்ட் அந்தக் காட்டில் தடம் பார்க்கிறவன். விடியும் நேரத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய், பெரிய கலைமான் எங்கே படுத்திருக்கிறது என்று அரவமில்லாமல் கண்டுபிடித்து வந்து சொல்வது அவன் வேலை. துரத்துவது பிரபுக்கள் வேலை. பெருமையும் அவர்களுக்கு. அப்படி ஒரு செப்டம்பரில், சிலுவைத் திருநாளுக்கு முந்தின நாள் காட்டுக்குள் போனவன் திரும்பவில்லை. நாய் மட்டும் அறுந்த கயிற்றோடு வந்தது. மறுநாள் அரண்மனைக் காரியஸ்தர் ஆட்களோடு வந்து கூரை வைக்கோலுக்குள் கையை விட்டார். ஒரு மான் தொடை வந்தது. அவர் எங்கும் தேடவில்லை, கை நேராக அந்த இடத்துக்கே போனது. ஹாவிஸ் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். மான் திருடி மாட்டிக்கொள்வோம் என்று ஓடிவிட்டான் என்றார்கள். மன்றத்தில் ஐந்து முறை அவன் பெயரைக் கூவினார்கள். ஐந்தாம் முறையும் வராததால் அவனை ஓநாய்த்தலையன் என்று அறிவித்தார்கள். ஓநாயை வெட்டுவது போல அவனைக் கண்ட இடத்தில் வெட்டலாம், கேள்வி கிடையாது.

அன்றிலிருந்து ஹாவிஸ் பெண்டாட்டியும் இல்லை, விதவையும் இல்லை. மெழுகுவத்தி ஏற்றப் போனால், "ஓடிப்போனவனுக்கு நான் எந்தப் பூசை வைக்கிறது?" என்று பாதிரியார் திருப்பி அனுப்பினார். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் ஓடவில்லை என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவனைக் கோயில் மண்ணில் அவன் பெயர் சொல்லிப் புதைக்க வேண்டும்.

அவன் செத்துவிட்டான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உயிரோடு இருக்கிறவன் இப்படி வந்துபோக மாட்டான். விடியும்போது சோரெல் எழுந்து வாசல்படிக்குப் போகும். முதுகு மயிர் சிலிர்த்துக்கொள்ளும். யாரோ கழுத்தைத் தடவிக் கொடுப்பது போலத் தலையைத் தாழ்த்தி நிற்கும். ஆணியில் தொங்கும் நாய்க்கயிறு மழையே இல்லாத நாளிலும் காலையில் ஈரமாக இருக்கும். ஹாவிஸ் தொட்டுப் பார்ப்பாள். "குளிருதா?" என்று கேட்பாள். பதில் வராது. உயிரோடு இருந்தபோதும் அவன் அதிகம் பேசியவனில்லை.

அந்தக் கோடையில் ஃபல்க் பிரபு ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதினார் என்றால், நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். கை வலிக்க எழுதியது லாம்பர்ட் என்ற எழுத்தன், பாதிச் சாமியார். மான், முயல், காட்டுப்பன்றி, ஓநாய் என்று ஒவ்வொரு விலங்கின் குணமும், எந்த நாயை எப்படி வளர்ப்பது, எந்த மாதம் எதை வேட்டையாடுவது என்ற விவரமும் அதில் வரும். பிரபுவுக்குத் தெரியாத இடம் வந்தால் லாம்பர்ட் ஹாவிஸின் கதவைத் தட்டுவான். வாரத்தில் மூன்று நாள் தட்டினான்.

"ஹாவிஸ், புழுக்கையப் பத்தி ஒரு சந்தேகம்."

"வேற எதுக்கு எங்க வீட்டுக்கு வரப்போறீங்க சாமி? கேளுங்க."

"ஜூலை மாசம் பெரிய கலைமானோட புழுக்கை உருண்டையா இருக்கும்னு ஐயா சொல்றார்."

"ஐயா ஆட்டுக்கொட்டாயில பாத்திருப்பார். இப்ப புல்லு கொழுத்திருக்கிற நேரம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பெருசா, மெதுவா இருக்கும். சிலுவைத் திருநாள் கிட்ட வரும்போதுதான் தனித்தனியா பிரிஞ்சு, நீளமா, எண்ணெய் தடவுன மாதிரி மினுக்கும்."

லாம்பர்ட் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தான். "எமது நீண்ட அனுபவத்தில் யாம் கண்டவாறு..."

"யாரு அனுபவத்துல?"

"புத்தகத்துல அப்படித்தான் எழுதணும் ஹாவிஸ்."

"எழுதுங்க, எழுதுங்க. குனிஞ்சு மோந்து பாத்ததும் அவரேதான்னு ஒரு வரி சேத்துக்குங்க."

அவளைச் சமாதானப்படுத்த நினைத்தோ என்னவோ, லாம்பர்ட் இன்னொரு ஏட்டைப் புரட்டினான். "இதக் கேளேன். மானோட இதயத்துக்குள்ள ஒரு எலும்பு இருக்காம். அது இருக்கிறதாலதான் மான் பயத்துல சாகிறதில்லையாம்."

"மானுக்கு வச்ச கடவுள் எங்களுக்கு வைக்க மறந்துட்டார்."

வேலை முடிந்தும் லாம்பர்ட் எழுந்து போகவில்லை. ஏட்டுக்கட்டிலிருந்து ஓர் ஏட்டை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். தோல் ஏடு. கத்தியால் திரும்பத் திரும்பச் சுரண்டியதில் நடுப்பகுதி வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, அந்தப் பக்கம் இருந்த அவன் விரல்களின் நிழல் தெரிந்தது.

"இந்த ஏட்ட ஏழு தடவ எழுதிட்டேன்" என்றான். குரல் இறங்கியிருந்தது. "ஐயா சொல்வார், நான் எழுதுவேன். மறுநாள் சுரண்டச் சொல்வார். அதுக்கு மறுநாள் அதையே திரும்பச் சொல்வார், ஒரு வார்த்த மாறாம. யாருகிட்டயாவது படிச்சுக் காட்டலன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

படித்தான். வில்லோடு மறைந்து நிற்பவர்களுக்கான அறிவுரை அது.

"புதர் அசைந்தால் எய்யாதே. கண்ணால் காணாமல் எய்யாதே. யாம் ஒருமுறை சிலுவைத் திருநாளுக்கு முந்தின நாள், வறண்ட ஓடைக்கு மேலே, ஹாலி முட்புதர் அசையக் கண்டு எய்தோம். அம்பு பட்ட ஓசை நன்றாகக் கேட்டது. விலங்கு எழுந்து ஓடவில்லை. அது புதருக்குள்ளிருந்து எம்மை 'ஐயா' என்று அழைத்தது. இருமுறை அழைத்தது."

லாம்பர்ட் ஏட்டை மடியில் வைத்தான். அவன் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "வயசாகுதில்ல, ஐயாவுக்கு மனசு குழம்புது போல. விலங்கு எங்கயாவது கூப்பிடுமா?"

ஹாவிஸ் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைக்க அவளிடம் ஒரே ஒரு சட்டிதான் இருந்தது.

"கூப்பிடாது சாமி" என்றாள். "போயிட்டு வாங்க."

அந்த வறண்ட ஓடைக்கு மேற்கே நாயோடு போகக்கூடாது என்று மூன்று வருடமாகத் தடை இருந்தது. போய்ப் பிடிபட்டால் நாயின் முன்காலில் மூன்று நகங்களை உளி வைத்து வெட்டிவிடுவார்கள். பிறகு தடம் பார்க்க நாய் இருக்காது, வீடும் இருக்காது. காட்டோரம் போகும்போதெல்லாம் சோரெல் மேற்குப் பக்கமே இழுக்கும். அவள் அதன் கழுத்தை நெரிப்பது போலக் கயிற்றைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வருவாள். எத்தனை முறை திருப்பியிருக்கிறாள்!

மறுநாள் கிப் வந்தான். வேட்டைக்காரர்களில் மூத்தவன், வைமண்டோடு இருபது வருடம் வேலை பார்த்தவன். வாய் மட்டும் ஓயாது.

"அண்ணி, உனக்கு யோகம். இடோனியா சீமாட்டி விருந்துக்கு வர்றாங்க. நாளைக்குப் பெரிய வேட்டை. மானைக் கண்டுபிடிக்க நீயும் போகணுமாம், நானும் போகணுமாம். பொம்பளையும் நாயும் கொண்டுவர்ற சேதியப் பாத்து அரண்மனையே சிரிக்கப் போகுது."

"உன் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சு அலுத்துட்டாங்களாக்கும்."

கிப் சிரித்தான். "நீ கிழக்கால பாக்கணுமாம். மேற்கால வேண்டாம்னு ஐயா கண்டிஷனாச் சொல்லிட்டாரு. அங்க மான் குட்டிங்க இருக்காம்."

"மூணு வருஷமாவா குட்டி போட்டுக்கிட்டே இருக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். அதைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை போல.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ஹாவிஸ் அரண்மனை கொடுத்த ஊதுகொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தாள். இடது கையில் கயிற்றைச் சுற்றியிருந்தாள். மேற்கே திரும்பியபோது சோரெல் ஒரு கணம் நின்று அவளை ஏறிட்டுப் பார்த்தது, நிஜமாகத்தானா என்று கேட்பது போல. பிறகு இழுத்தது.

ஓடையைத் தாண்டியதும் புல்வெளி. பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதன் நடுவே ஒரு தடம் போயிற்று. ஆள் நடந்த தடம். வலது கால் நன்றாகப் பதிந்து, இடது கால் இழுபட்டு. வைமண்டுக்கு இடது முழங்கால் மடங்காது, அவன் காலை இழுத்துத்தான் நடப்பான். ஹாவிஸ் குனிந்து பார்த்தாள். புல் மிதிபட்டுச் சாய்ந்திருந்தது. ஆனால் சாய்ந்த புல்லின் மேலும் பனித்துளிகள் ஒன்றுகூடக் கலையாமல் நின்றன. அப்படி ஒரு தடம் இருக்க முடியாது. இப்போது நடந்திருந்தால் துளி உதிர்ந்திருக்கும். பனிக்கு முன்பே நடந்திருந்தால் புல் நிமிர்ந்திருக்கும். இருபது வருடம் தடத்தோடு வாழ்ந்தவளுக்கு அது தெரியும்.

"முன்னால போ" என்றாள். நாயிடமா வேறு யாரிடமா என்று அவளுக்கே தெரியவில்லை. "வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

தடம் ஹாலி புதரில் முடிந்தது. சோரெல் உள்ளே புகுந்து, தரையோடு வயிற்றை ஒட்டிப் படுத்தது. பாறை ஒன்று குடை போல நீண்டிருந்த இடத்தில், யாரோ கல்லை அடுக்கி மேலே இலையைத் தள்ளியிருந்தார்கள். அவசர வேலை. ஹாவிஸ் முள் கிழிக்கக் கிழிக்க இரண்டு கல்லைப் புரட்டினாள். மூன்றாவது கல்லுக்கு அடியில் ஒரு கை எலும்பும், அது பிடித்தபடியே கிடந்த ஓர் ஊதுகொம்பும் தெரிந்தன. கொம்பின் விளிம்பில் சின்ன வெட்டு. கல்யாணமான புதிதில் அவள் கீழே போட்டு உடைத்தது.

அவள் அழவில்லை. கொம்பின் வாய் புல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. புல் துருப்பிடித்தது போல ஆகியிருந்தாலும் அடைப்பு அடைப்பாகவே இருந்தது. கண்டெடுத்ததைத் தடம் பார்க்கிறவர்கள் அப்படித்தான் கொண்டுவருவார்கள். கொம்புக்குள் புழுக்கையை வைத்து, உருக்குலையாமல் புல்லால் மூடி, பிரபுவின் முன்னால் கொட்டிக் காட்டுவார்கள். அதைத்தான் சேதி என்பார்கள். அவள் அடைப்பைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய இடம் அதுவல்ல. அந்தக் கொம்பைத் தோளில் மாட்டி, பக்கத்தில் கிடந்த ஒரு விரல் எலும்பை எடுத்து இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள்.

வேட்டைக்கு முன் எல்லோரும் கூடும் புல்தரையில் விரிப்புகள் விரித்திருந்தார்கள். குளிர்ந்த கறி, ரொட்டி, ஊற்றுத் தண்ணீரில் குளிரவைத்த மது. ஃபல்க் பிரபு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் காளை மாதிரி இருந்தவர், இப்போது கழுத்துத் தோல் தொங்கியது. வலப்பக்கம் இடோனியா சீமாட்டி, எழுபது வயது, கோழிக்கால் தின்றுகொண்டிருந்தாள். அவளோடு சர் ஓஸ்பர்ட் வந்திருந்தார். அந்த வட்டாரத்தில் யார் திடீரென்று செத்தாலும் பிணத்தைப் பார்த்து விசாரிக்கும் அதிகாரி அவர்தான். விருந்துக்கு வந்த இடத்தில் அந்த நினைப்பே இல்லாமல் சாய்ந்து கிடந்தார். லாம்பர்ட் ஓரத்தில் எழுதுபலகையோடு இருந்தான்.

கிப் முதலில் தன் கொம்பைக் கவிழ்த்தான். நல்ல புழுக்கை. பத்துக் கிளைக் கொம்புக்குக் குறையாத மான் என்றான். சீமாட்டி ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, அதே கையைத் துடைத்துவிட்டு ரொட்டியை எடுத்தாள்.

"உன்னோடது எங்கம்மா?" என்றார் பிரபு.

ஹாவிஸ் முன்னால் வந்து மண்டியிட்டாள். புல் அடைப்பை விரலால் தோண்டி எடுத்தாள். கொம்பை வெள்ளை விரிப்பின் மேல் கவிழ்த்தாள். நான்கு புழுக்கைகள் விழுந்தன. சுருங்கி, வெளிறி, கல் மாதிரி. அவற்றின் பக்கத்தில் விரல் எலும்பை வைத்தாள்.

"என்ன இது?"

"சேதிங்கய்யா. என்னோடது இல்ல, வைமண்ட் கொண்டுவந்தது. சிலுவைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில எடுத்து, உங்ககிட்டக் காட்டுறதுக்குத்தான் கொம்புல வச்சு மூடியிருக்கான். மூணு வருஷம் தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்கணும்."

பிரபு அந்த நான்கு புழுக்கைகளையும் வெகுநேரம் பார்த்தார். எலும்பைப் பார்க்கவே இல்லை.

"இது பழசு" என்றார். "பழச வச்சு வேட்டைக்குப் போக முடியாது. கிப் சொன்ன மானுக்கே போவோம்."

"இரு தம்பி" என்றாள் சீமாட்டி. "எந்தச் சேதிய எடுத்துக்கிறதுங்கிற தேர்வு எனக்குன்னு நேத்து சாப்பிடும்போது நீதான சொன்ன? அத்தன பேரு கேட்டாங்க."

"சொன்னேன். ஆனா இது..."

"யாரும்மா அந்த வைமண்ட்?"

"என் புருஷன் தாயி. மான் திருடிக்கிட்டு ஓடிட்டான்னு ஓநாய்த்தலையன் ஆக்கிட்டாங்க. ஓடுறவன் புழுக்கையப் பத்திரமா பொத்தி வச்சுக்கிட்டா ஓடுவான்?"

சீமாட்டி கோழிக்காலைக் கீழே வைத்தாள். "நான் மூணு புருஷனப் புதைச்சவ. மூணு பேரும் எங்க கிடக்கானுங்கன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஃபல்க், நான் இந்தச் சேதிய எடுத்துக்கிறேன். ஓஸ்பர்ட், எந்திரிங்க. வயித்த அப்புறம் கவனிக்கலாம்."

தேர்ந்தெடுத்த சேதி யாருடையதோ, அவன் பின்னால் அத்தனை பேரும் நடக்க வேண்டும், அரசரே வந்திருந்தாலும். யாரும் குதிரை ஏறவில்லை. ஹாவிஸும் சோரெலும் முன்னால் போக, நாற்பது பேர் பின்னால் வந்தார்கள். புல்வெளியில் வெயில் ஏறிப் பனி போயிருந்தது. தடம் எதுவும் இல்லை. ஆனால் பிரபு அந்த இடம் வந்ததும் தானாக ஒதுங்கி நடந்தார், எதிரே வருகிற ஆளுக்கு வழி விடுவது போல. ஹாவிஸ் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

கல்லை எல்லாம் புரட்டி எடுத்தார்கள். வைமண்ட் பக்கவாட்டில் சுருண்டு கிடந்தான். விலா எலும்புகளுக்கு நடுவே கவட்டை போல இரண்டாகப் பிரிந்த அம்புமுனை. அந்த மாதிரி முனை பிரபுவின் வில்லுக்காக மட்டும் அடிக்கப்படுவது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். சர் ஓஸ்பர்ட்டுக்கும் தெரியும். அவர் தொண்டையைச் செருமினார்.

"புதர் அசஞ்சுது" என்றார் பிரபு, யாரும் கேட்காமலே. "நான் புதரைத்தான் எய்தேன். தொடையக் கொண்டுபோய் வச்சது காரியஸ்தன். அவனும் செத்துட்டான். நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணுமே சொல்லல நான்."

"அவன் ரெண்டு தடவ கூப்பிட்டான்" என்றாள் ஹாவிஸ்.

பிரபு லாம்பர்ட்டைப் பார்த்தார். லாம்பர்ட் தன் செருப்பைப் பார்த்தான்.

சர் ஓஸ்பர்ட் வந்திருந்தவர்களில் பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்திச் சத்தியம் வாங்கினார். விசாரணை ஒரு ரொட்டி தின்னும் நேரத்தில் முடிந்தது. வைமண்ட் ஓடவில்லை, திருடவில்லை. ஓநாய்த்தலையன் என்ற அறிவிப்பு செல்லாது என்று மன்றத்துக்கு எழுதப்படும், கோயில் மண்ணில் புதைக்கலாம். சாவு தற்செயல். கொன்றது அம்பு. சட்டப்படி கொன்ற பொருள்தான் குற்றவாளி, ஆகவே அம்புமுனையைப் பறிமுதல் செய்து அரசரிடம் சேர்ப்பிக்க வேண்டும். ஒருவன் அதைத் துணியில் பொதிந்தான், குழந்தையைப் பொதிவது போல.

"அம்பா?" என்றாள் ஹாவிஸ்.

"சட்டம் அப்படித்தாம்மா."

"இந்தக் காட்டுல ஒரு மான் செத்துக் கிடந்தா நாலு ஊர் ஆம்பளைங்களக் கூட்டுறீங்க. யாரு கொன்னான்னு பைபிள் மேல கைய வச்சுச் சத்தியம் கேக்குறீங்க. அப்ப எந்த அம்பையும் கட்டிக்கிட்டுப் போனதா நான் பாத்ததில்லையே ஐயா? ஆளத்தான கட்டிக்கிட்டுப் போனீங்க?"

சர் ஓஸ்பர்ட் மேல் சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டினார்.

வேலித் தட்டி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வைமண்டை அதில் கிடத்தினார்கள். நான்கு பேர் குனிந்து பிடித்தபோது பின்னாலிருந்து கொம்புச் சத்தம் வந்தது. நீளமாக ஒரு முறை, பிறகு குறுகிய மூன்று முறை. விலங்கு விழுந்ததும் ஊதுகிற ஊதல். கிப்தான். இருபது வருடப் பழக்கத்தில், உடல் கிடத்தப்பட்டதைக் கண்டதும் கை தானாகக் கொம்பை எடுத்துவிட்டது. உறைத்ததும் முகம் வெளுத்துக் கொம்பைக் கீழே போட்டான்.

"அண்ணி, சத்தியமா, நான் வேணும்னு..."

"விடு கிப்" என்றாள் ஹாவிஸ். "இத்தன வருஷத்துல அவனுக்காக ஒருத்தன் ஊதினது இதுதான்."

நான்கு பேரும் குனிந்தபடியே நின்றார்கள். அவர்களால் தூக்க முடியாது. சாவு ஊதப்பட்டால் பிரபு தன் கொம்பால் பதில் ஊத வேண்டும். அதுவரை உடலை அசைக்கக் கூடாது. அப்படிச் செய்யாதவன் வேட்டைக்காரனே இல்லை. லாம்பர்ட் அதையும் போன வாரம்தான் புத்தகத்தில் எழுதியிருந்தான்.

ஒவ்வொருவராகத் திரும்பி ஃபல்க் பிரபுவைப் பார்த்தார்கள். வெள்ளிப் பூண் போட்ட கொம்பு அவர் மார்பில் தொங்கியது. அவர் அதை எடுத்தார். உதட்டில் வைத்தார். காற்று மட்டும் போயிற்று. மறுபடி வைத்தார். கன்னம் உப்பியது, கண் சிவந்தது, சத்தம் வரவில்லை. யாருக்கோ காது கொடுப்பவர் போலப் புதர்ப் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"ஐயா, வெயில் ஏறுது" என்றாள் சீமாட்டியின் தோழி ஒருத்தி மெதுவாக.

"ஏறட்டும்" என்றாள் ஹாவிஸ். "நாங்க நிக்கிறோம்."

அவள் வேலித் தட்டியின் தலைமாட்டில், கயிற்றைக் கையில் சுற்றியபடி நின்றாள். நாற்பது பேரும் நின்றார்கள். பிரபு மூன்றாம் முறை கொம்பை எடுத்தபோது அது பல்லில் இடித்தது. உதட்டோரம் ரத்தம் வந்தது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. ஊதல் என்று அதைச் சொல்ல முடியாது, கழுத்தறுபட்ட கன்று கத்துவது போல இருந்தது. காட்டின் மறுபக்கம் வரை போய் எதிரொலித்தது. நடுவில் விடாமல், கடைசிவரை ஊதி முடித்தார்.

அதன் பிறகுதான் தூக்கினார்கள்.